கோட்டில் வைத்த பூ

இந்த ஊரில் ஆண்பிள்ளைகளும் பூ வைத்துக்கொள்கிறார்கள். தலையில் அல்ல, கோட்டின் மார்புப் பக்கத்தில் இருக்கும் பொத்தான் துளையில். லண்டனுக்கு வந்த புதிதில் தாடி மீசையோடு ஒருவர் ரோஜாப்பூவும் தானுமாக பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அது பழகிவிட்டது. பழகாத இன்னொன்று உண்டு. எனக்கு மாடியறையை வாடகைக்கு விட்டிருக்கும் மிஸஸ் பார்லோ கைம்பெண். போன செர்மன் சண்டைக்குப் போன அவர் புருஷன் திரும்பவில்லை. குளிர் தொடங்கும் மாதத்தில், அந்தச் சண்டை ஓய்ந்த நாளன்று, அவர் துணியால் செய்த பூ ஒன்றைக் கோட்டில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சரிபார்த்துக்கொள்வார். நம் பக்கத்தில் புருஷன் செத்தால் பூவை எடுத்துவிடுவார்கள். இங்கே புருஷன் செத்ததற்காகப் பூ வைத்துக்கொள்கிறார்கள். முதல் வருஷம் அதைப் பார்த்தபோது என்னையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிக்கொண்டதற்குக் காரணம் என் அம்மா. மொரப்பூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். அதே சண்டையில் கோவேறு கழுதை ஓட்ட ஆள் எடுத்தபோது, அப்பா மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனார். நான் அப்போது தொட்டிலில். கப்பல் அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போனது என்பதுவரை தெரியும். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. செத்தார் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் தினம் தவறாமல் பூ வைத்துக்கொண்டாள். சாமந்தி, கனகாம்பரம், ஒன்றும் பூக்காத கோடையில் வேலியோரத்து ஆவாரம்பூ. வயது ஏறஏற அது ஊர்க்கண்ணை உறுத்தியது. ஒருநாள் பெரியப்பா களத்துமேட்டில் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்டேவிட்டார். "இத்தினி வருசம் ஆயிப்போச்சி. இன்னும் எதுக்கும்மா பூவு? ஊரு பேசுதில்ல?" அம்மா கம்பு புடைத்த முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "செத்துட்டாருன்னு ஒருத்தர் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லட்டுங்க. அன்னிக்கே எடுத்துப்புடறேன்." 

நான் படித்தது போர்டு ஸ்கூல் படிப்பு. ஜோலார்பேட்டையில் ரயில்வே என்ஜினீயர் துரை ஒருவருக்கு பட்லராக இருந்து, அவர் ஓய்வு பெற்றபோது அவரோடு கப்பலேறினேன். துரை கடலோர ஊரொன்றில் ஒதுங்கிக்கொள்ள, நான் நம் நாட்டு மாணவர்கள் தங்கும் விடுதியொன்றின் சமையலறைக்கு வந்து சேர்ந்தேன். என்னை வழியனுப்ப அம்மாவும் அதே மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தாள். கடலுக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவளுக்குச் சீமைதான். பஸ்ராவும் லண்டனும் அவளுக்கு மொரப்பூரும் பக்கத்துப் பொம்மிடியும் மாதிரி. வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அவரு போன பக்கந்தான் போற. வலது தோளு எறங்கியிருக்கும், சின்னதுல புளியமரத்துல இருந்து வுழுந்தது. எங்கியாவது தட்டுப்பட்டாருன்னா வூட்டுக்கு வரச் சொல்லு. நான் பூ வெச்சிக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லு" என்றாள். அந்த இரண்டும் வேறுவேறு பக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து இந்த ஊர்க் கூட்டத்தில் என் கண் தானாகவே தோள்களைப் பார்க்கிறது. வெள்ளைக்காரத் தோள்கள்தான், தெரியாமலா? ஆனாலும் பார்க்கிறது.

இந்த வருஷம் இன்னொரு சண்டை வரும்போல் இருக்கிறது. விளையாட வைத்திருந்த பூங்காவில் பதுங்குகுழி வெட்டியிருக்கிறார்கள். விஷப்புகைக்கு முகமூடி கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு மிஸஸ் பார்லோவும் நானும் ஒருவரையொருவர் பார்த்து மிரண்டோம். பழைய சண்டை ஓய்ந்ததற்காக எல்லோரும் சிவப்புப் பூ வைக்கும் அந்த நாளில், சண்டையே வேண்டாம் என்கிறவர்கள் வெள்ளைப் பூ வைத்துக்கொண்டு ஊர்வலம் போவார்களாம். இந்த வருஷம் தானும் அதில் போவதாகச் சொல்லி, தன்னோடு பதாகையின் ஒரு கழியைப் பிடித்து வர முடியுமா என்று மிஸஸ் பார்லோ கேட்டார். சுயராஜ்யத்துக்காக ஊர்வலம் போகாத கால் இவர்கள் ஊர்வலத்துக்கு எதற்குப் போகிறது என்று விடுதி மாணவர் ஒருவர் கேலி செய்தார். நியாயமான கேள்விதான். ஆனாலும் போனேன்.

நான் அப்படியோர் ஊர்வலத்தைக் கண்டதில்லை. பம்பை இல்லை, பறை இல்லை, ஒரு சீட்டிகூட இல்லை. பனிமூட்டத்துக்குள் ஆயிரம் பூட்ஸுகள் நடக்கும் சத்தம் மட்டும். முன்வரிசையில் பெண்கள், மார்பில் செத்துப்போன புருஷனின் மெடல்கள், பக்கத்தில் வெள்ளைப் பூ. விளக்குக் கம்பங்கள் பனியில் மங்கலாக எரிந்தன. நடக்கிறேனா, நடப்பதாகக் கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஓரத்தில் நின்ற ஒருவன், "கோ ஹோம்" என்று கத்தினான். மொத்த ஊர்வலத்தையும் பார்த்துத்தான் கத்தினான். மற்றவர்களுக்கு வீடு நாலு தெரு தள்ளி. நான் ஒருவன்தான் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

தட்டில் பூ ஏந்தி வந்த ஒரு கிழவி என் வெற்றுக் கோட்டைப் பார்த்து நின்றாள். நீ யாரையாவது 'லாஸ்ட்' பண்ணினாயா என்று கேட்டாள். லாஸ்ட் என்றால் தொலைத்தல் என்றுதான் போர்டு ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தார்கள். "ஆமாம், அப்பாவை. பஸ்ராவில்" என்றேன். உடனே என் கையைப் பற்றிக்கொண்டு வருந்துகிறேன் என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு இங்கே சாவு என்றும் பொருள் என்பது உறைத்தது. பதறிப்போய், "இல்லை, இல்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். "நாங்கள் எல்லோரும்தான், கண்ணே" என்று சொல்லி, என் கோட்டில் ஒரு பூவைக் குத்திவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தத் தோளைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால், பனிக்குள், பழைய ஓவர்கோட் போட்ட ஒருவர். வலது தோள் இறங்கியிருந்தது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கால் தானாக எட்டிப் போட்டது. பதாகை விறைத்து இழுத்தது. மிஸஸ் பார்லோ மெதுவாக, மெதுவாக என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முக்கில் அந்த மனிதர் திரும்பினார். சிவந்த மூக்கு, பூனைக்கண். தீப்பெட்டி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். அவர் வேறு யாரோ என்பது எனக்கு முன்பே தெரியும், இருந்தும் அழுகை வந்தது.

ஊர்வலம் ஒரு கல்லின் முன்னால் போய் நின்றது. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வயல்வரப்பெல்லாம் வேடியப்பன் கல் இருக்கிற ஊர் எங்களுடையது. என்றோ சண்டையில் விழுந்தவனை வாளும் கையுமாகக் கல்லில் வெட்டி நட்டு, பூப்போட்டுக் கும்பிடுகிறோம். கல் நட்டுவிட்டால் அவன் சாமிதான், திரும்பி வர மாட்டான். ஒவ்வொருவராக முன்னால் போய்க் கோட்டிலிருந்த பூவை எடுத்துக் கல்லடியில் வைத்தார்கள். மிஸஸ் பார்லோவும் எடுத்தார். பூ எடுத்த இடத்தில் ஊசிக்குத்து மட்டும் தெரிந்தது. என் முறை வந்தது. கை பூவரை போய் நின்றுவிட்டது. கண்ணால் பார்த்துவிட்டு வந்து ஒருவர் சொல்லட்டும் என்று அம்மா சொன்னாளே, நான் எதைப் பார்த்தேன்? தொட்டிலில் கிடந்தவனுக்கு அப்பா முகம்கூடத் தெரியாது. இங்கே நான் இதை எடுத்து வைத்தால், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அவள் தலையிலிருக்கும் பூவில் நானே கை வைத்த மாதிரி ஆகாதா?

"வைக்கவில்லையா?" என்று மிஸஸ் பார்லோ கிசுகிசுத்தார்.

"அம்மாவைக் கேட்க வேண்டும்" என்றேன்.

அவர் ஒன்றும் விளங்காமல் சுற்றிலும் பார்த்தார். என் அம்மாவும் கூட்டத்தில் எங்கோ நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்போல. அவர் தேடிய திசையில் நானும் ஒரு தரம் பார்த்தேன். பனிதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலையில் விடுதிக்குக் கிளம்பியபோது, கோட்டில் அந்தப் பூ இருப்பதை வாசற்படியில் வைத்து மிஸஸ் பார்லோ கவனித்தார். நாள் முடிந்துவிட்டது, இனி எடுத்துவிடலாம், வருஷத்துக்கு ஒருநாள்தான் என்று அன்பாகச் சொல்லிக்கொடுத்தார். நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"எங்கள் வீட்டில் தினமும் வைப்போம்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.