எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு மந்திரி

தங்கவேலு ஐயா எங்கள் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அன்று முதலில் செய்த காரியம், கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டதுதான். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் செக்யூரிட்டி ஆபீசராக வருகிறார் என்று முதலாளி சொல்லியிருந்தார். பெரிய மீசையும் அதட்டலுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். வந்தவர் மெலிந்த, மீசையில்லாத மனிதர். கையில் எண்ணெய்க் குப்பி.

நான் அந்த கேட்டில் பெண்களைச் சோதனை போடும் வேலையில் இருந்தேன். துணி எதையும் சேலைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்களா என்று சாயங்காலம் ஒவ்வொருவரையும் தடவிப் பார்க்க வேண்டும். அதிகம் படிக்காதவளுக்கு, வாயைத் திறக்காமல் செய்ய முடிகிற வேலை. அதுவரை லாரிக்காரர்கள் பார்க்க வெட்டவெளியில்தான் சோதனை நடக்கும். ஐயா வந்த வாரமே தகர மறைப்பு ஒன்று கட்டச் செய்தார். முதலாளி எதற்கு என்று கேட்டதற்கு, உங்க ஊட்டுப் பொம்பளைகளை ரோட்டுல நிறுத்தித் தடவுவீங்களா என்று திருப்பிக் கேட்டாராம்.

அவருடைய ஊர் அவிநாசிபாளையம் பக்கம். தோட்ட வேலைக்குப் போன குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஆளெடுப்புக்குப் போய்ச் சிப்பாயாகச் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். பனி மலையில் பல வருஷம் இருந்திருக்கிறார். அங்கே விடிந்ததும் ஆட்களை எண்ணுவதுதான் அவருடைய முதல் வேலையாம். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் தொண்டையில் டீ இறங்கும் என்பார். இங்கும் அதே பழக்கம். ஷிப்ட் தொடங்கியதும் ஒவ்வொரு லைனாக நடந்து, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே போவார்.

அப்படிப் போகும்போதுதான் லைன் லீடர் மாரிச்செல்வம், பாதுகாப்பு மந்திரி வர்றார், எல்லாரும் மிஷின் மேல கண்ணை வையுங்க என்று ஒருநாள் முணுமுணுத்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து அவர் மந்திரிதான். மந்திரி சாப்பிடப் போயிட்டாரா, மந்திரி இன்னிக்குக் கோபமா என்றுதான் பேச்சு. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. அவருக்கு அது தெரியாது என்றே நினைத்திருந்தோம்.

இரண்டு வருஷத்தில் முதலாளி அவரை மேனேஜராக்கினார். கேட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி அறை. அதற்குப் பிறகு வந்ததுதான் ஆடிட் ஏற்பாடு.

எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தால், சொல்லாமல் கொள்ளாமல் தீ சைரனை அழுத்திவிடுவார்கள். அத்தனை பேரும் இறங்கி முன்வாசலில் லைன் லைனாக நிற்க வேண்டும். ஒரு லைனில் எல்லோரும் வந்துவிட்டால் அதன் லீடர் பச்சைக் கொடியைத் தூக்குவார். எல்லாக் கொடியும் ஏறிவிட்டால் யாரும் உள்ளே இல்லை என்று அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், நதியாவும் அவள் கூட்டாளிகளும் எந்த லைனிலும் கிடையாது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, கான்ட்ராக்டில், தைத்த பனியனின் பிசிர் நூலை வெட்டுகிற பெண்கள் அவர்கள். கம்பெனிக் கணக்கில் அவர்கள் பெயரே இல்லை. ஆடிட்டில் கண்டுபிடித்தால் ஆர்டர் போய்விடும், அவர்களை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது. ஐயா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, யாரையும் நிறுத்த வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதை நான் இப்போதும் நம்புகிறேன்.

அவர் போட்ட திட்டம் இது. சைரன் கேட்டதும் எல்லோரும் கீழே இறங்குவார்கள். நதியா ஆட்கள் மட்டும் மேலே ஏற வேண்டும். வெட்டித் தள்ளிய துணி கிடக்கும் மேல்மாடி வேஸ்ட் குடோனுக்குள் போய் இரும்புக் கதவை உள்பக்கம் தாழிட்டு, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். ஆடிட்காரர்கள் போனதும் இரண்டாவது சைரன் அடிக்கும். அப்போது திறக்கலாம்.

ஒருநாள் சோதித்தும் பார்த்தார். கதவைத் தட்டி, நதியா, நான்தான், எல்லாம் முடிஞ்சுது என்றார். நதியா திறந்துவிட்டாள். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"ஆடிட்காரங்க என்னையப் பக்கத்துல நிறுத்தி வெச்சுக் கூப்பிடச் சொன்னா என்ன பண்ணுவ? ரெண்டாவது சைரன் அடிக்காம, நானே வந்து அழுதாலும் தொறக்கக் கூடாது."

"சரிங்கய்யா. நீங்க அழுதா உள்ள இருந்தே அழுதுக்கிறோம்" என்றாள் நதியா. அவரும் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு வந்த ஆடிட் ஒவ்வொன்றும் சுத்தமாக முடிந்தது. காலிக் குடத்தைத் தூக்குவதுபோல் அவ்வளவு லேசாக அந்தப் பெண்கள் மாடிக்கு ஏறப் பழகிவிட்டார்கள். ஆடிட் போனபின் இறங்கி வந்து, தலையில் ஒட்டிய பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டு, மந்திரி நம்மளைக் காப்பாத்திட்டாரு என்று கேலி பேசுவார்கள்.

போன மாசி மாதம், காலை டீ முடிந்து எல்லோரும் மிஷினில் உட்கார்ந்த நேரத்தில் சைரன் அலறியது. அலறிக்கொண்டிருந்தபோதே நின்றுபோயிற்று. மிஷின்களும் நின்றன. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மின்சார அறையிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

யாரும் மிதிபடவில்லை, கீழே விழவில்லை. ஐயா பழக்கியபடியே லைன் லைனாக வெளியே வந்தார்கள். தீயணைப்புக்குப் போன் போயிற்று. மாரிச்செல்வம் கொடியைத் தூக்கினான். அடுத்தடுத்து எல்லாக் கொடியும் ஏறின. ஐயா ஒருமுறை கண்ணால் எண்ணிவிட்டு, முதலாளியிடம் போய், எண்ணிக்கை சரிங்க, உள்ளே யாருமில்லை என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

நான் மேலே பார்த்தேன். குடோனின் சின்ன ஜன்னலிலும் புகை வந்தது.

ஆண்கள் பக்கத்தில் போய் நிற்கவே கூசுகிறவள், ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மேலே கை காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கொடிகளைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

ஆடிட் என்று நினைத்து அவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். ஊரே நெருப்பிலிருந்து இறங்கி ஓட, அவர்கள் மட்டும் அதற்கு மேலே போய்த் தாழிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொல்லிக் கொடுத்தபடி.

அவர் பின்பக்க இரும்பு ஏணிப்படியை நோக்கி ஓடினார். மாரிச்செல்வமும் நானும் பின்னால் ஓடினோம். மேலே போனபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. ஐயா கதவை இரண்டு கையாலும் அறைந்தார். நெருப்பு, நிஜ நெருப்பு, வெளியே வாங்க என்று கத்தினார். உள்ளே சத்தமே இல்லை. பிறகு யாரோ இருமலை அடக்குவது கேட்டது. அந்த அடக்கிய இருமல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவர்கள் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாரிச்செல்வம் கதவை உதைத்தான். அது அசையவில்லை. "சைரனைப் போடச் சொல்லுங்கய்யா" என்று அழுதான். மின்சாரம் எங்கே இருக்கிறது?

ஐயா கத்துவதை நிறுத்தினார். கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"நதியா. மந்திரி பேசறேன்."

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

"எம் பின்னால கூப்பிடுவீங்கல்ல, அதே மந்திரிதான். ஆடிட்காரன் பக்கத்துல நின்னா நான் இப்படிச் சொல்லுவனா, கண்ணு? நெசமாலுமே நெருப்பு. தொற, சாமி."

உள்ளே கிசுகிசுப்புக் கேட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். புகைக்காகத் திணித்ததல்ல, இருமல் வெளியே கேட்கக் கூடாதே என்று திணித்தது. நதியாதான் கடைசி. ராக்கம்மாக்கா எந்திரிக்க மாட்டேங்குறாங்க என்றாள். அவர்களில் மூத்தவள் ராக்கம்மாள். ஐயா உள்ளே போய் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ராக்கம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூச்சு பழையபடி இல்லை. நாலு எட்டு வைத்தால் நின்றுவிடுகிறாள்.

கீழே வந்தபோது தீயணைப்பு வண்டியும், கூடவே அதிகாரிகளும் வந்துவிட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ராக்கம்மாளை ஏற்றிக்கொண்டு போயிற்று. முகமெல்லாம் கரியாக நின்ற ஐயா, மறுபடியும் எண்ணிக்கை எடுக்கச் சொன்னார். மாரிச்செல்வம் தொடங்கி எல்லோரும் கொடியைத் தூக்கினார்கள். நதியா ஆட்கள் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கொடி கிடையாது. வேஸ்ட் வாங்க வந்தவர்கள் என்று முதலாளி ஒரு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயா மெதுவாக நடந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்றார். வெறுங்கையை மேலே தூக்கினார்.

"இவிய இந்தக் கம்பெனி ஆளுங்க. இவியளை மேல போகச் சொன்னது நானுங்க" என்றார்.

கையைக் கீழே போடுங்க தங்கவேலு, அப்புறம் பேசிக்கலாம் என்றார் முதலாளி. அவர் போடவில்லை. அதிகாரி வந்து பெயர் கேட்கிற வரைக்கும் அந்தக் கை அப்படியே நின்றது.

அவர் இப்போது வேலையில் இல்லை. வழக்கு நடக்கிறது. அவிநாசிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து ராக்கம்மாளைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஒருமுறை நானும் அங்கே இருந்தேன். நதியா அவருக்கு டீ கொடுத்தாள். கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"அன்னிக்கு எங்க பக்கத்துல வந்து கையைத் தூக்குனீகளே ஐயா. மொத ஆடிட்டுலயே தூக்கியிருந்தா என்ன?"

டீ அவருக்கு இறங்கவில்லை.