அப்பாவின் கிரிம்சன் குளோரி

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பா, ஓய்வுபெற்ற வருஷம் பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜாவை ஒட்டுக்கட்டி எடுத்து வந்து எங்கள் வாசலில் நட்டார். கிரிம்சன் குளோரி என்ற பழைய ரகம். மொட்டு கறுப்பாகத் தெரியும். விரிந்தால் வெல்வெட் போன்ற கருஞ்சிவப்பு. பூவின் கனம் தாங்காமல் காம்பு தொங்கிப்போகும் என்பதால் ஈர்க்குச்சி வைத்து நிமிர்த்திக் கட்டுவார். ஏற்காட்டில் வேறு யாரிடமும் அது இல்லை என்பதில் அவருக்குக் கர்வம். கோடை விழா மலர்க் கண்காட்சிக்குத் தவறாமல் கொண்டுபோவார். தண்ணீர் சுமந்து ஊற்றியதெல்லாம் அம்மாதான். அவள் தலையில் அந்தப் பூவை நான் பார்த்ததே இல்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் அம்மா இறந்துபோனாள். செடியில் பூக்கள் சரியான பதத்தில் விரிந்திருந்தன. பெட்டியில் கிடத்தியதும் அக்கா அப்பாவிடம் போனாள்.

"ஏனுங்கப்பா, அம்மா கையில ஒரு பூ வெக்கலாமுங்களா?"

"நாளைக்கு ஷோ இருக்குது கண்ணு. செத்தவளுக்கு வாசமா தெரியப்போவுது?"

சேலத்திலிருந்து வந்த சம்பங்கி மாலையோடு அம்மாவைப் புதைத்தோம். மறுநாள் அப்பா பூக்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனார். முதல் பரிசு. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் செல்போனில் பூவின் படத்தைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, அக்கா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைநீரைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடியின் தூரில் கொட்டினாள். மறுபடி ஒரு பானை கொதிக்கவைத்து அதையும் கொட்டினாள். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு குளிர்ந்தது.

சில நாட்களில் இலைகள் கருகிச் சுருண்டன. அப்பா மருந்து வாங்கி வந்து அடித்தார். மண்ணைக் கிளறி எரு வைத்தார். பட்டையை நகத்தால் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று தேடினார்.

"ஏன் சாமி இப்படிக் காயுது?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரியலீங்கப்பா. அம்மாதான நொம்ப நாளா பாத்துக்கிட்டாங்க."

அப்பா அங்கேயே உட்கார்ந்து அழுதார். அம்மாவைப் புதைத்தபோதுகூட அவர் கண் கலங்கவில்லை.

செடி வெறும் குச்சியானதும் பிடுங்கிவிடலாம் என்றார். துளிர்த்தாலும் துளிர்க்கும், இருக்கட்டும் என்று அக்கா தடுத்துவிட்டாள். தினமும் காலையில் அவருடைய நாற்காலியை அதற்கு எதிரே போட்டு, டீயையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். மழை வரும்வரை அவர் அந்தக் குச்சிகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.