மெலாவத்தி மேட்டில் வெறுங்கால்

மைத்துனன் புது சைக்கிள் வாங்கினான். பழையது அவன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் என்னிடம் தள்ளிவிட்டான். "கிளினிக்ல நடக்கச் சொன்னாங்கல்ல மாமா? நீங்க நடக்க மாட்டீங்க. இதையாவது மிதிங்க" என்றான்.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பல வருடம் ஆகிறது. போன தடவை கிளினிக்கில் தாதி என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்துத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். தெரிந்த மாதிரிதான் இருந்தது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வேலை தெரியாது. கால் மரத்துப் போனவனை நம்பி யார் பிள்ளைகளை ஏற்றி அனுப்புவார்கள்?

மைத்துனனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ரவாங்கிலிருந்து புஞ்சாக் ஆலாம் வழியாக ஜெராம் போய், அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கோலா சிலாங்கூரில் மெலாவத்தி மேடு ஏறி முடிப்பதாகத் திட்டம். என்னையும் கூப்பிட்டான். எல்லோரும் இறுக்கமான உடுப்பும் சப்பாத்தும் போட்டிருந்தார்கள். நான் சிலிப்பரில் போய் நின்றேன்.

"என்ன அண்ணே, பாசாருக்கு மீன் வாங்கவா?" என்றார் அவர்களில் கார் கழுவும் கடை வைத்திருப்பவர். அவர் வாய் ஓயாது. நான் சிரித்து வைத்தேன்.

புஞ்சாக் ஆலாம் பக்கம் ரோடு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அவர்கள் நின்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள்.

"மாமா, கால் வலிக்கல?"

"இல்ல மாப்ள."

"பாத்துக்குங்கடா. இது தோட்டத்துல பொறந்த கால் லா!" என்று மைத்துனன் கத்தினான். அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஜெராமிலிருந்து கிளம்பினோம். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறு பக்கம் சேற்று வாடையோடு கடல்காற்று. காற்று எதிரே அடித்தது. நான் தலையைக் குனிந்து மிதித்தேன். எதைப் பற்றியும் யோசித்ததாக நினைவில்லை.

மெலாவத்தி மேடு சின்னதுதான், ஆனால் செங்குத்து. உச்சியில் சைக்கிளை மரத்தில் சாய்த்தபோது கார் கழுவுகிறவர் என் காலைக் காட்டினார்.

"அண்ணே, ஒரு சிலிப்பர் எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது.

"கொரங்கு தூக்கிருச்சு! இந்நேரம் பொண்டாட்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்திருக்கும்." மரத்திலிருந்த குரங்குகளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டாளிகளில் கடைசியாக வந்துகொண்டிருந்தவர் அப்போதுதான் மேடேறி வந்து சேர்ந்தார். சைக்கிள் கைப்பிடியில் என் சிலிப்பர் மாட்டியிருந்தது. "ஜெராம் தாண்டின உடனே ரோட்டுல கெடந்துச்சு. கூப்புட்டேன், உங்களுக்குக் கேக்கல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெராமிலிருந்து அவ்வளவு தூரம். மைத்துனன் உட்கார்ந்து என் காலைத் தூக்கிப் பார்த்தான். மிதிகட்டையின் இரும்புப் பல் உள்ளங்காலைக் கிழித்திருந்தது. ரத்தம் புழுதியோடு காய்ந்து போயிருந்தது.

"மாமா, இது வலிக்கல?"

"இல்ல."

அவன் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துண்டால் கட்டினான். நான் இடது சிலிப்பரையும் கழற்றி, காலைப் புல்லில் வைத்துக் கண்ணை மூடினேன். பிறகு தார் ரோட்டில் வைத்தேன். புல்லும் தாரும் ஒரே மாதிரிதான் இருந்தது. வேனில் பிரேக்கை மிதிக்கிறேன் என்று நான் இத்தனை நாள் எதை வைத்து நம்பினேன் என்று தெரியவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "இனி வேன் ஓட்ட முடியாது" என்றேன். "தம்பி பக்கத்துல இருக்கானா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வேன் பிள்ளைங்களப் பெத்தவங்களுக்கு நான் சொல்லட்டா?" என்றாள். வாட்சாப் குழுவில் எப்போதும் அவள்தான் எழுதுவாள். எனக்குக் கூச்சம்.

"நானே சொல்றேன்" என்றேன்.

குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். கால் சரியில்லை, திங்கட்கிழமை வேன் வராது, மன்னிக்கவும். ஒவ்வொருவராகக் கட்டைவிரல் படம் போட்டார்கள். ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "அங்கிள், செவ்வாய்க்கிழமை வருமா?"

மைத்துனன் எங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போக லோரிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினேன். "வராது."