ஒரே பெயரில் இரண்டு வட்டங்கள்

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில், நான் அங்கே ஒரு சிறிய சாலை அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். பென்சிலால் போட்ட வரைபடத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து, கறுப்பு மையில் அப்படியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. சொந்தமாக எதையும் வரையக் கூடாது. கீழே இருக்கும் கோட்டைவிட்டு என் பேனா அரை நூல்கூட விலகக் கூடாது. மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

தொழிற்பேட்டைக்கு ஆட்கள் வந்து சேர வழியில்லை என்று பேச்சு எழுந்தது. இரும்பு உருக்கும் தொழிற்சாலை ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது. இன்னும் நாலைந்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பொன்னேரியிலிருந்து உள்கிராமங்கள் வழியாக ஒரு பஸ் விடலாம் என்றார்கள். எந்த ஊர் எதனோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது, பஸ் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று எழுதித் தரும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

எங்கள் இஞ்சினியர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். தாலுகா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் வேண்டியது தெரியவில்லை என்றார். ஓடை எப்படி வளைகிறது, ஏரி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஊருக்கு ஒரு வட்டம். ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியும் என்றால் நடுவில் ஒரு கோடு. அவ்வளவு போதும் என்று சொல்லி, குறிப்பு நோட்டுகளை என் மேஜையில் வைத்துவிட்டு, நீங்களே போடுங்கம்மா என்றார்.

கீழே பென்சில் கோடு இல்லாமல் நான் போட்ட முதல் படம் அது. முதலில் எல்லாக் கோடும் ஒரே மாதிரி போட்டேன். அது பொய்யாகத் தெரிந்தது. தார் ரோடும் வரப்பும் ஒன்றாகுமா? அதனால் தார் ரோட்டுக்கு இரட்டைக் கோடு, மண் ரோட்டுக்கு ஒற்றைக் கோடு, ஏரிக்கரைக்கும் வரப்புக்கும் புள்ளிக்கோடு, ரயிலுக்குக் குறுக்கு வெட்டு, பழவேற்காட்டுப் பக்கம் படகுக்கு நெளிக்கோடு என்று வைத்துக்கொண்டேன். ஆரணியாற்றில் தண்ணீர் வந்தால் சில தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். அந்தக் கோடுகளில் ஒரு சின்னச் சுழி. மீன்காரப் பெண்கள் கூடையோடு ஏறினால் பஸ்ஸில் இறக்கிவிடுகிறார்கள் என்று நோட்டில் ஒரு குறிப்பு இருந்தது. ஆளுக்கு வழி உண்டு, கூடைக்கு வழி இல்லை. இதற்கு என்ன அடையாளம் போடுவது என்று இஞ்சினியரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, கோட்டின்மேல் சின்ன எழுத்தில் எழுதிவிடுங்கள் என்றார். மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

நான் மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். பொன்னேரி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் சித்தாள் பெண்கள் பத்திருபது பேர் ஏறுவார்கள். தொழிற்பேட்டையில் கட்டட வேலை. அவர்களில் ஒருத்தி எப்போதும் நான் இருக்கும் பெட்டியில்தான் ஏறுவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார இடமிருந்தாலும் வாசல் பக்கம் தரையில்தான் உட்காருவாள். அவளை நான் நீ என்று கூப்பிட்டேன். அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டு, வாங்க போங்க என்று பேசினாள். அது எனக்கு அப்போது வித்தியாசமாகப் படவே இல்லை.

ஒரு நாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன். காற்றில் ஒரு முனை பிரிந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது, முறுக்கு புழிஞ்சா மாதிரி கீது?”

சொன்னேன். அவளுடைய ஊர் எது என்று கேட்டேன். அவள் சொன்ன பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட ஊர். வருடத்துக்கு நாலு தடவையாவது போவேன். உற்சாகமாக அந்த வட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். பஸ் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து முனையில் நிற்கப்போகிறது, காலனியிலிருந்து தெரு வழியாக அரை கிலோமீட்டர்தான், இனிமேல் தண்டவாளத்தோரம் நடந்து ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றேன்.

அவள் அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“தெரு வயியா நாங்க போறதில்லம்மா. ஏரிக்கரைய சுத்திக்கினுதான் போவோம். அதுக்கு இந்த ஸ்டேஷனே கிட்ட.”

“யாராவது போகக்கூடாதுன்னு சொன்னாங்களா?”

“சொன்னாத்தானா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நேரான தெரு. ஒரு முனை தார் ரோட்டில் பள்ளிக்கூடத்துக்கருகே முடிகிறது; மறு முனைக்கு அப்பால் காலனியின் கூரைகள் தெரிகின்றன. சாயங்காலம் வரை பார்த்தேன். சைக்கிள்கள் போயின, மாடுகள் போயின, வளையல் விற்பவன் போனான். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. இத்தனை வருடமும் இந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வராதவர்களை எப்படிப் பார்க்க முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது ஒட்டவில்லை.

சின்னம்மாவைக் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அதுங்க ஏன் இப்டி வருதுங்க? அதுங்களுக்குத்தான் ஏரிக்கர கீதே.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “யாரும் வேணாம்னு சொல்லல. நீ ஏன் மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?” என்றாள்.

எழுந்து காலனிப் பக்கம் நடந்தேன். அங்கிருந்து ஏரிக்கரை மேலேறி, மதகு தாண்டி, கருவேல முள்ளுக்கு நடுவே சுற்றித் தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். நடை நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது. தெரு வழியாகத் திரும்பி வர ஏழு நிமிஷம்.

திங்கட்கிழமை பழைய தாளை ஒதுக்கிவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். அந்தப் பெயருக்கு ஒரு வட்டம் போட்டிருந்த இடத்தில் இரண்டு வட்டம் போட்டேன், ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. காலனி வட்டத்திலிருந்து ஏரிக்கரைப் புள்ளிக்கோடு நீளமாகச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. இரண்டு வட்டத்துக்கும் நடுவில் என்ன போடுவது என்று தெரியாமல் இஞ்சினியர் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

“கோடு போடல சார். காலனிக்காரங்க தெருவுல நடக்கறதில்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ரோடு இருக்கேம்மா. நம்ம ரிஜிஸ்தர்ல இருக்கு. இல்லன்னு நாமளே எழுதிட்டா, அவங்க நடக்கக் கூடாதுன்னு நாமளும் ஒப்புத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?”

நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. கோடு போட்டால் பஸ் பள்ளிக்கூடத்து முனையில் நிற்கும், காலனிக்கு வழி இருக்கிறது என்று மேலே எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். போடாவிட்டால் சின்னம்மா சொன்னதற்கு அரசாங்க முத்திரை வைத்ததாகிவிடும். இரண்டு நாள் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டு மற்ற ஊர்களைப் பார்த்தேன். கடைசியில் கோட்டைப் போட்டேன். மீன் கூடைக்கு எழுதியதுபோலவே, அதன்மேல் சின்ன எழுத்தில், ‘காலனியார் நடப்பதில்லை’ என்று எழுதினேன். தூரப் பட்டியலில் அந்த ஊருக்கு இரண்டு வரி: தெருவழி ஒன்று, அவர்கள் உண்மையில் நடக்கும் வழி ஒன்று. மற்ற ஊர்களுக்கும் இப்படி இருக்குமா என்று அப்புறம்தான் தோன்றியது. விசாரித்ததில் இன்னும் சில வட்டங்கள் இரண்டாகப் பிரிந்தன.

பஸ் போகும் ஊர்களின் பஞ்சாயத்துத் தலைவர்களைக் கூப்பிட்டு அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். படத்தைச் சுவரில் மாட்டினேன். சந்தேகம் கேட்டால் சொல்வதற்காக என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார் இஞ்சினியர். சின்னம்மா ஊர்த் தலைவர் படத்துக்குக் கிட்டே போய், அந்தச் சின்ன எழுத்தைப் படித்தார். சின்னம்மாவுக்கு மைத்துனர் முறை அவர். என்னை அவருக்குக் குழந்தையிலிருந்து தெரியும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை, யார் தடுத்தார்கள், ஒரு ஆளைக் காட்டுங்கள், முதலில் அந்த எழுத்தை அழியுங்கள் என்றார்.

இஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றேன். முன்னாலிருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“யாரும் தடுத்தாங்கன்னு நான் எழுதல. நடக்கறதில்லன்னுதான் எழுதிருக்கேன். எங்க சின்னம்மா அந்தத் தெருவுலதான் இருக்காங்க. சின்ன வயசுலேருந்து வந்து போறேன். காலனிக்காரங்க ஒருத்தர்கூட அந்த வழியா நடந்து நான் பாத்ததில்ல. நீங்க பாத்திருந்தா சொல்லுங்க, அழிச்சிடறேன்.”

தலைவர் என்னைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். அடுத்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தச் சின்ன எழுத்து பிறகு மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வந்த தாளில் அடிக்கப்பட்டிருந்தது. அரசாங்கப் படத்தில் இத்தகைய குறிப்பு வேண்டாமாம். நான்தான் அதை விட்டுவிட்டுச் சுத்தப் பிரதி எடுத்தேன். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு வட்டமும் பட்டியலின் இரண்டு வரியும் அப்படியே நின்றன. அந்த இரண்டாவது வரியை வைத்துக்கொண்டு இஞ்சினியர் அலைந்தார். காலனியின் வடக்கே கால்வாயோரம் புறம்போக்கு நிலத்தில் தார் ரோடுவரை ஒரு மண் பாதை போடவும், அது ரோட்டில் ஏறும் இடத்தில் பஸ் நிற்கவும் அனுமதி வாங்கினார். அடுத்த பொங்கலுக்கு முன்னால் பஸ் ஓடியது.

சின்னம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஊர் மானத்தை ஆபீசில் வைத்து வாங்கிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினாள். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பேஜாராகிவிட்டது. நான் அந்த ஊருக்குப் போவதை விட்டுவிட்டேன்.

சித்தாள் பெண்களில் பாதிப்பேர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். அவளும் மாறினாள், ஆனாலும் பழக்கத்தில் சில நாள் ரயிலில் வருவாள். புதுப் பாதை எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். நான் ஏதோ நல்ல வார்த்தையை எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

“நல்லாத்தான் கீது. காலு வலி இல்ல.” பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, “இப்போ அவங்களுக்கும் நிம்மதி, நாங்க தெருவாண்ட வரவே வேணாம்” என்றாள்.

அதைக் கேட்டபின் பல நாள் நான் வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தேன். இஞ்சினியரிடம் சொன்னேன். அவரும் அதை நினைத்திருந்தார் போலிருக்கிறது. பாதை இல்லாமல் இருப்பதற்கு இது தேவலைதானம்மா என்று மட்டும் சொன்னார். அவருக்கே அது போதுமானதாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது.

பொங்கல் கழிந்து வந்த ஐப்பசியில் விடாத மழை. கால்வாய் உடைத்துக்கொண்டு புதுப் பாதையை அரித்துப் போட்டது. ஏரிக்கரையிலும் மதகுக்கருகே ஆளிறங்க முடியாத தண்ணீர். மழை விட்ட இரண்டாம் நாள், கூப்பிட்டனுப்பாமலே நான் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும் என்ற பயம். சின்னம்மா என்னைப் பார்த்ததும் கால் ஈரத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். சாப்பாடு போட்டாள். ரசம் ஊற்றும்போது அவளாகவே சொன்னாள்.

முந்தின நாள் காலையில் காலனிப் பெண்கள் முப்பது நாற்பது பேர், தூக்குப்பாத்திரங்களோடு, தெரு வழியாக நடந்து பஸ்ஸுக்குப் போனார்களாம். தலைவர் அவர் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். தேய்த்துக்கொண்டே நின்றாராம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

“நீ பாத்தியா சின்னம்மா?”

“வாசல்லதான் நின்னுகினு இருந்தேன். போனாங்க. தண்ணியில வேற எப்டி போவாங்க?” என்றாள். இந்தத் தடவை ‘அதுங்க’ என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடிந்து பாதையைச் சீர்செய்தபின் பாதிப்பேர் மறுபடி கால்வாயோரமே போனார்கள். மற்றவர்கள் தெருவை விடவில்லை. அந்த வருடக் கடைசியில் என் ரயில் சிநேகிதியான அந்தச் சித்தாள் பெண்ணுக்கு ஒரு தொழிற்சாலையில் பெருக்கும் வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. ரயிலில் வருவதை விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் தொழிற்பேட்டை டீக்கடைக்கருகே பார்த்தேன். அக்கா என்று கூப்பிட்டேன். முதல் தடவை. அவள் கொஞ்சம் திகைத்துச் சிரித்தாள். அன்றைக்குத் தெருவில் நீங்கள்தான் முன்னால் நடந்தீர்களா என்று கேட்டேன்.

“முன்னால இல்ல, நடுவுல. பயமாத்தான் இருந்திச்சி” என்றாள். டீயை ஊதிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “முன்னால போனவங்க ரெண்டு பேரு செருப்ப கையில எடுத்துக்கினாங்க. நான் கயட்டல.”