ஆன்லைன் லைப்ரரியில் கிடக்கும் என் பொய்

சோப்பு வாசனை... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. சேறும் மீன் கவிச்சியுமாக இருந்த என் படகில் அந்தத் தம்பி ஏறி உட்கார்ந்ததும், படகு முழுக்க அவர் சட்டையின் சோப்பு வாசனை.

பட்டணத்துக் காலேஜில் இருந்து வந்திருந்தார். மடியில் நோட்டு. எனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட இல்லை. ஏரிக்குள் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் இருந்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வரை கூட்டிப் போகச் சொன்னார். வழியெல்லாம் கேள்வி. தண்ணீர் எப்போது உப்பாகும், காற்று எப்போது திரும்பும்... எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன்.

கடைசியில் ஒன்று கேட்டார். மழை விட்டு முகத்துவாரம் திறந்ததும் குஞ்சு இறால் முதலில் எங்கே வந்து அடையும்?

அதை நாங்கள் வெளியாளிடம் சொல்வதில்லை. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடுவது என்று வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பேர். எந்தப் பாடு நல்ல பாடு என்பது ஊருக்குள்ளேயே இருக்கவேண்டிய சமாச்சாரம். "நோட்டு வச்சினு வர்றவன்கிட்ட பாடு சொல்லாதடா" என்று நைனா சொல்லியே வளர்த்தார்.

அதனால் குஞ்சு வந்து அடையும் தெற்குப் பள்ளத்தை மறைத்துவிட்டு வடக்குத் திட்டைக் கை காட்டினேன். அங்கே வெறும் மணல். கூடையால் அள்ளலாம் என்றுகூடச் சொன்னேன். அவர் மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டார். கரைக்கு வந்து நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்... அன்றைக்கு எனக்கு அது பெருமை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

பேத்தி ஸ்டெல்லா ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவள் ஸ்கூலில் ஆன்லைன் லைப்ரரி என்று ஒன்றைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். யார் யாரோ எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் அதில் இருக்கிறதாம். பாஸ்வேர்டு போட்டால் வீட்டுப் போனிலேயே வருகிறது. சுவாலஜி டீச்சர் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடமே நடத்துகிறார். பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, நம் ஏரியைப் பற்றி அதில் தேடி எழுதச் சொல்லியிருந்தார். எங்கே எடுத்தது என்று காட்டாமல் ஒரு வரி எழுதக் கூடாது. அது அவர் சட்டம்.

ஸ்டெல்லா குழுவுக்கு இறால். மற்ற மூன்று பேரும் ஏரியை விட்டுத் தள்ளி நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகள். மூன்று சனிக்கிழமை படகு பிடித்து எங்கேயோ போய் வந்தார்கள். தண்ணீர் எடுத்து டெஸ்ட் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில், மாவட்டப் போட்டிக்குப் பேசிப் பார்க்கிறேன் என்று வாசலில் நின்றாள்.

"அனுபவமுள்ள மீனவர் ஒருத்தர் சொன்னதா கட்டுரைல இருக்கு. வடக்குத் திட்டுல கூடையால அள்ளுற அளவுக்குக் குஞ்சு இறால் இருந்துச்சாம். நாங்க மூணு வாட்டி வலை போட்டோம். ஒண்ணுகூட இல்ல. அதனால இந்த ஏரியில இறால் குஞ்சு வர்றதே நின்னுபோச்சு."

கூடையால் அள்ளலாம்... அது என் வாய் வார்த்தை.

அன்றைக்கு முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. படகுத்துறைக்குப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். சொன்னால் பேத்திக்கு நான் பொய்யன், ஊருக்குப் பாட்டைக் காட்டிக் கொடுத்தவன். சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கிற ஏரியைச் செத்துப்போனதாக அவள் மேடையில் சொல்லுவாள். அதையும் யாராவது எழுதி அதே லைப்ரரியில் போட்டுவிட்டால்?

சாயங்காலம் அவளிடம் சொல்லிவிட்டேன், சரியான இடம் எது என்பதைத் தவிர.

அவள் கத்தவில்லை. "மூணு வாட்டி கேட்டாருன்ற. மூணு வாட்டியும் பொய்யா தாத்தா?"

"ஆமா."

"நாங்க வெயில்ல மூணு சனிக்கிழமை போனோமே. இன்னாத்துக்குப் போறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"



மறுநாள் டீச்சரே படகேறி வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். போனை என் முன்னால் நீட்டி, பேரும் ஊரும் சொல்லச் சொன்னார். "இன்னார் சொன்னாருன்னு இருக்கணும் பெரியவரே. பேரில்லாத சாட்சியாலதான் இவ்ளோ வந்துச்சு."

பேரைச் சொல்லிவிட்டேன். இடத்தை மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் என் தம்பி மகன் வேறு கைகட்டி நின்றுகொண்டிருந்தான்.

"சொல்லு பெரிப்பா," என்றான் குத்தலாக. "இந்த வருஷம் தெற்குப் பள்ளம் எனக்குத்தான் விழுந்துகீது. நல்லா வெத்தல பாக்கு வச்சி ஊரையே கூப்புடு."

இடத்தை அவனே சொல்லிவிட்டான் என்பது அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது.

பிள்ளைகள் தெற்குப் பள்ளத்தில் வலை இழுத்தார்கள். ஒரே இழுப்பில் உள்ளங்கை நிறையக் குஞ்சு, கண்ணாடி மாதிரி. போட்டியில் நடுவர் கேட்டாராம், லைப்ரரிக் கட்டுரையை நம்புவதா, உன் தாத்தாவை நம்புவதா என்று. "ரெண்டையும் நம்பாமத்தான் சார் போய் வலை போட்டோம்" என்றாளாம் இவள். பரிசு வேறு ஸ்கூலுக்குப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டுரை இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கரையில் சொன்ன பொய் வலை காய்வதற்குள் மறந்துபோகும். சொன்னவனும் சிரிப்பான், கேட்டவனும் சிரிப்பான், அவ்வளவுதான். இப்போது நான் சாப்பிடும்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பேர் அதைக் காட்டி எழுதியிருக்கிறார்கள் என்று நேற்று ஸ்டெல்லா சொன்னாள்.

நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் தட்டுவதும் அவள்தான். அந்தத் தம்பி இருந்தால் என்னைப் போலக் கிழவராகியிருப்பார். கட்டுரையில் இருந்த பேரை வைத்து டீச்சரும் தேடிப் பார்த்தார், ஆள் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால், தெற்குப் பள்ளம் என்று அவரிடம் சொல்லுங்கள்... எழுதினவர் சொன்னால்தான் அதைத் திருத்துவார்களாம்.