குறை எழுதாத ஏழு கிழமை

"இன்னைக்கும் கஞ்சி சரியில்ல புள்ள. எழுது."

மயிலம்மாக்கா ஒவ்வொரு நாளும் காலமை இதைத்தான் சொல்லுவா. தேங்காய்ப்பால் காணாது, உப்புக் கூடிப்போச்சு, அடிப்பிடிச்சிட்டு, கீரையில மண். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. பிள்ளையள் கோப்பையை வழிச்சுக் குடிக்குதுகள், இவவுக்குத்தான் எப்பவும் ஒரு குறை.

அவ மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில பிறந்து, கல்யாணம் முடிச்சு கொழும்பு முகத்துவாரத்துக்கு வந்தவ. புருஷன் துறைமுகத்தில மூட்டை தூக்கித் தூக்கியே போய்ச் சேர்ந்தார். எங்கட மாதர் சங்கம் முன்பள்ளிப் பிள்ளையளுக்கு இலைக்கஞ்சி குடுக்கத் தொடங்கின நாளில இருந்து அவதான் சமையல். அவவுக்கு எழுத வராது. கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறிப்போய் அவ சொல்லுற குறையைத் தாளில எழுதிறது நான். வெள்ளிக்கிழமை அந்தத் தாள் வெள்ளவத்தையில இருக்கிற நிறுவனத்துக்குப் போகும். கஞ்சிக்குச் சாமான் தாறது அவைதான்.

எந்தச் சங்கத்தோட வேலை செய்யிறதெண்டு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா அவை புதுசாத் தெரிவு செய்வினம். மூண்டு தரமும் எங்களைத்தான் எடுத்தவை. பெரிய சங்கமெல்லாம் கலர் போட்டோவோட வரிசையில நிண்டது. ஏன் திரும்பத் திரும்ப எங்களை எண்டு அங்க வேலை செய்யிற தனஞ்சயனைக் கேட்டன். மற்ற இடத்துத் தாளெல்லாம் எல்லாம் நல்லம் எண்டே வருமாம். எங்கட தாளைப் பார்த்தால்தான் உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு விளங்குமாம். நான் சிரிச்சிட்டு வந்திட்டன். மண்டையில ஏறேல்லை.

மாசி மாசம் மயிலம்மாக்கா அடுப்படியில விழுந்தா. பாரிசவாதம், இடப்பக்கம் முழுக்க. பிறகு நானும் சங்கத்து ஜெயராணியும்தான் கஞ்சி வைச்சம். பாதி நாள் அடிப்பிடிச்சுப் பிழைச்சுப்போச்சு. பிழைச்ச நாள் பிள்ளையளுக்கு பிஸ்கட். சமைக்கிறவ விழுந்திட்டா எண்டு தெரிஞ்சா நிறுவனத்தாக்கள் வேற சங்கத்தைப் பிடிச்சிடுவினம் எண்ட பயம் எனக்கு. ஏழு கிழமையும், வெள்ளிக்கு வெள்ளி, ஒரே வசனம் எழுதினன்: குறை ஒண்டுமில்லை.

எட்டாம் கிழமை தனஞ்சயன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிண்டார். பிள்ளையளின்ட கையில பிஸ்கட்.

"ஏழு கிழமையா ஒரு பிழையும் இல்லை, அக்கா. அதுதான் பயந்து வந்தனான்" எண்டார். விழுந்தவ எண்டு ஒரு வரி எழுதியிருந்தால் தாங்களே சமைக்க ஆள் அனுப்பியிருப்பமெண்டும் சொன்னார்.

இந்தமுறை எங்களை எடுக்கேல்லை. கஞ்சி வேற இடத்துக்குப் போகுது.

மயிலம்மாக்காட்ட நானே போய்ச் சொன்னன். கோணின வாயால ஒவ்வொரு சொல்லாக் கதைச்சா: "பிழைய எழுதத்தானே புள்ள உன்ன வச்சிருந்தேன்."

அதோட என்னோட கதைக்கிறதை விட்டிட்டா. நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பா.

இதை வாசிக்கிற நீங்களாவது போய்ப் பாருங்கோ. முகத்துவாரம் மாடிவீடு, நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. மகள் வேலையால வரும்வரைக்கும் தனியத்தான் கிடக்கிறா. போனால், சுகமாயிட்டீங்கள் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. எப்பிடிக் கிடக்கிறாவோ, அப்பிடியே அவவிட்டச் சொல்லுங்கோ.