கனவில் மாட்டை மீட்கப் போன கதை

வாரத்தில் மூன்று நாளாவது எனக்குச் சீட்டாடுகிற கனவு வருகிறது. மூன்று நாளும் ஜெயிக்கிறேன். நிஜத்தில் நான் ஆடிய லட்சணம் ஊருக்கே தெரியும் என்பதால், யாரிடம் இந்தக் கனவைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் அர்த்தம் சொல்கிறார்கள்.

அந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, மாந்தோப்பில் உட்கார்ந்து பின்தெரு கரும்புக்காரரோடு மூன்று சீட்டு ஆடினேன். கையில் இருந்தது போனது, வாட்ச் போனது, கடைசியில் என் மனைவி ஆசையாக வளர்த்த செவலைப் பசுவும் போனது. அதோடு நின்றிருந்தால்கூட மன்னித்திருப்பாள். மேயப் போன மாடு அமிர்திக் காட்டுப் பக்கம் போய்விட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். இரண்டு நாள் காட்டோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். நானும் கூடவே போய், அவளைவிடச் சத்தமாகக் கூப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பசு தானாக வந்து எங்கள் வாசலில் நின்றது, கழுத்தில் புதுக் கயிற்றோடு. பின்னாலேயே கரும்புக்காரர் வந்து, தன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஆட்டத்தின் முடிவைப் பசுவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் மேய்ந்து திரும்பும்போது எங்கள் வாசலில் நின்று ஒரு வாளி கழுநீர் குடித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகிறது.

விலை கொடுத்து மீட்கலாம் என்று போய்க் கேட்டோம். ஆட்டத்தில் ஜெயித்ததை விற்றால் கை ராசி போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார். என் மனைவி என்னைப் படவேட்டு அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய், இனி சீட்டைத் தொடுவதில்லை, அவளிடம் பொய் சொல்வதில்லை என்று இரண்டுக்கும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அன்றிலிருந்து சீட்டைத் தொடவில்லை. கனவு மட்டும் வர ஆரம்பித்தது.

கனவில் அதே மாந்தோப்பு, அதே கரும்புக்காரர். சீட்டைத் திருப்பினால் மூன்றும் ராஜா. நோட்டுகளை லுங்கியில் வாரிக் கட்டுவேன், எழுந்திருக்கப் போவேன், விழித்துவிடுவேன். பொய் சொல்வதில்லை என்று சத்தியம் இருக்கிறதே, ஒவ்வொரு தடவையும் காலையில் மனைவியிடம் ஒப்பித்துவிடுவேன். கனவில் ஆடினாலும் சத்தியம் முறிந்ததாகத்தானே அர்த்தம் என்று அவளுக்குப் பயம். அம்மன் கண்ணைக் கெடுத்துவிடும் என்றாள். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குக் கண் போனால் என்ன ஆவது?

அர்த்தம் விசாரிக்க ஆரம்பித்தேன். போனில் ஒரு வீடியோவில், நெடுநாள் ஆசை உள்ளே அமுங்கிக் கிடக்கிறது என்றார்கள். இன்னொன்றில் அடுத்த பௌர்ணமிக்குள் பணம் கொட்டும் என்றார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் ஜெராக்ஸ் மிஷினில் மைப்பொடி கொட்டியது. எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவர் காவலூரில், பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்களே, அங்கே வேலை செய்கிறார். அவரிடம் போய் என் சுக்கிரன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தான் அங்கே ஜீப் ஓட்டுகிறவன் என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஊரில் ஒருவருக்கும் புரிவதில்லை என்று நொந்துகொண்டார். ஆனாலும் வீடு தேடி வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று, சுக்கிரன் நன்றாகத்தான் தெரிகிறது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவ்ளோ ஜெயிக்கிறியே, ஒரு நாளாவது மாட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. நாலு வருஷமாக நோட்டை வாரிக் கட்டியிருக்கிறேனே தவிர, மாட்டைக் கேட்கத் தோன்றவே இல்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மதியச் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி சோறு சேர்த்துப் போட்டு, பாயை விரித்து, தூங்கி மாட்டைக் கேட்டு வா என்று படுக்க வைத்தாள். சத்தியம்தான் ஏற்கெனவே முறிந்துவிட்டதே, முறிந்ததில் ஒரு பிரயோஜனமாவது இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை உரித்தாள்.

அம்மன் புண்ணியத்தில் கனவு வந்தது. காசு வேண்டாம், மாடு வேண்டும் என்றேன். அப்படியானால் நீ என்ன வைக்கிறாய் என்று கேட்டார் கரும்புக்காரர். கண் இமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை, ஜெராக்ஸ் மிஷினை வைத்தேன். சீட்டு போட்டார். கையில் எடுத்தேன். விழித்துவிட்டேன்.

எழுந்து உட்கார்ந்தேன். நான் திருந்தவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சாப்பாடு போடுகிற மிஷினை எவ்வளவு சுலபமாக வைத்துவிட்டேன். மாட்டைக் கேட்டதும் அவர் மறுத்துவிட்டார் என்று சொல்லி முடித்துவிடலாம், கனவுக்கு ஏது சாட்சி? சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் காட்டோரம் அவள் கூப்பிட்ட குரல் ஞாபகம் வந்தது. உள்ளதைச் சொன்னேன்.

"மிசின வச்சியா?" என்றாள். ஆமாம் என்றேன். இனி அடிதான் விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, மிசின் கெடக்குது. சீட்டு இன்னா வந்துச்சி?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணில் இருந்த பளபளப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த பளபளப்பு. மாந்தோப்பில் எத்தனையோ பேர் முகத்தில் பார்த்திருக்கிறேன். சீட்டைத் திருப்புவதற்குள் முழிப்பு வந்துவிட்டது என்றேன்.

"ஐயோ, திரும்பப் படு. போய்ட்டு ஆட்டத்த முடிச்சிட்டு வா. கம்மியா வந்தா வண்டியையும் வை, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த மாட்டை அவள் எவ்வளவு நினைத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது. அதற்குள் வாசலில் பசு வந்து கத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கழுநீர் எடுத்துப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டுக்குப் போனோம். இந்தத் தடவை கற்பூரத்தை அணைத்தது அவள். கனவில்கூட என்னை ஆட அனுப்புவதில்லை என்று சத்தியம் செய்தாள்.

கனவு இன்னும் நின்றபாடில்லை. நானும் காலையில் சொல்லாமல் விடுவதில்லை. சத்தியத்துக்காக அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள், விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு.